நின்றபடியே போன கல்

“ஒன்பதடி கருங்கல்லைக் காணோம்” என்று புகார் கொடுக்கப் போன நித்யஸ்ரீயை, “ஊட்டுல எங்கியாச்சும் வெச்சிருப்பீங்க, நல்லாத் தேடிப் பாருங்கம்மா” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் ஸ்டேஷன் ரைட்டர்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, கிணத்துக்கடவுக்கு உள்ளே ஏழு கிலோமீட்டர் தள்ளி கரடு என்று ஊரார் சொல்லும் ஒரு மொட்டைக் குன்றின் மேல், புது ஷூவும் அரை டம்ளர் வியர்வையுமாக நின்றுகொண்டிருந்தான் கிருபாசங்கர்.

“அண்ணா! ஷூவைக் கழட்டுங்! மொதல்ல கழட்டுங்!”

நித்யஸ்ரீ கத்திய கத்தலில் ஒரு கால் அந்தரத்திலேயே நின்றது. அவள் கரட்டின் பாதியிலேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி வந்திருந்தாள்.

“ஏனுங்க, இங்க பூராம் முள்ளுங்க.”

“அப்பிச்சி எடம்ங்க.”

“அப்பிச்சியத்தான் காணோம்னு எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க. இல்லாத சாமிக்கு எதுக்குங்க ஷூவைக் கழட்டறது?”

“கிருபாண்ணா” என்றாள் ஹுமேரா, தன் செருப்பை ஏற்கெனவே ஓரமாக விட்டுவிட்டு. “கழட்டுங்க.”

கழற்றினான். முதல் முள் உடனே ஏறியது.

கிருபாசங்கர் பதினெட்டு வருஷம் பொள்ளாச்சி ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவன். கண்டக்டர் பை போய்விட்டது, கழுத்து விசில் மட்டும் போகவில்லை. இப்போது ஆர்.எஸ்.புரத்தில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், ஹுமேராவின் துப்பறியும் ஆபீஸில் உதவியாளன். ஹுமேராவுக்கு முப்பத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து, பொய்யின் வாசனை தெரிந்துபோனவள். அவளைவிட ஏழு வயது மூத்தவன் என்பதால் அவனை அண்ணா என்பாள். சம்பளம் கொடுப்பவள் என்பதால் அவன் மேடம் என்பான்.

“சொல்லுங்க நித்யா. ஆபீசர் எத்தனை மணிக்கு வர்றார்?”

“நாலு மணிக்குங்க.” நித்யஸ்ரீ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் அதை நிமிஷத்துக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டிருந்தாள். “ஈரோட்டுப் பக்கம் பழைய காலத்து ஊரைத் தோண்டி எடுத்தாங்களே, அந்த மாதிரி இதுவும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கல்லுன்னு மனுப் போட்டேன். தொல்லியல் ஆபீசர் நேர்ல பாத்து எழுதிட்டா, இந்தக் கரட்டுல ஜல்லி ஒடைக்கற கிரஷர்க்காரன் வேட்டு வைக்க முடியாது. கல்லே இல்லைன்னா நான் போட்ட மனு பொய்யாயிரும். அடுத்த வாரம் வேட்டுங்க.”

கரட்டின் அடிவாரத்தைக் காட்டினாள். தென்னைகளுக்கு நடுவே ஓட்டு வீடு ஒன்றும், அதன் பக்கத்தில் வட்டக் கிணறு ஒன்றும் தெரிந்தன.

“போன மாசம் சும்மா சோதனைக்குன்னு ஒரு வேட்டு வெச்சானுங்க. கிணத்துச் சுவத்துல என்ற கையே உள்ள போற அளவுக்கு வெடிப்பு. ஆறு ஏக்கரும் அந்தத் தண்ணியிலதான் நிக்குதுங்க. கெணறு போச்சுன்னா நாங்க எங்க போறது?”

‘கிறீச்... கிறீச்...’ என்று ஒரு சத்தம் மேலே ஏறி வந்தது. சத்தத்துக்குப் பின்னால் வெள்ளை வேட்டியும், அறுபது வயதும், கனத்த மீசையுமாக வெள்ளியங்கிரி. நித்யஸ்ரீயின் பெரியப்பா. புதுத் தோல் செருப்பு ஒவ்வோர் அடிக்கும் முனகியது. மூச்சு வாங்க வந்து, கல்லைப் பெயர்த்த குழியின் விளிம்பில் நின்றார்.

“நாசமாப் போறவனுங்க! எங்க குலக் கூட்டத்துக்கே மூத்தவருங்க அம்மிணி, இந்த நெட்டைக்கல் அப்பிச்சி. கல்யாணம்னாலும் காதுகுத்துன்னாலும் மொத வெத்தல அவருக்குத்தான். புதங்கெழமை ராத்திரி தூக்கிப்போட்டானுங்க. கிரஷர்ல போயிப் பாருங்க, இந்நேரம் ஜல்லியாக் கெடக்கும்.”

ஹுமேரா குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கரட்டின் மண் செக்கச்செவேல் என்றிருந்தது. கல் நின்ற குழி மட்டும் கருப்பாக இருந்தது. யாரோ அதைத் தரைமட்டத்துக்கு நிரப்பிக் காலால் மிதித்திருந்தார்கள். அவள் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள்.

“கீழ தோட்டத்து மண்ணு. திருடிட்டுப் போறவன், போன எடத்தை எதுக்கு மூடணும்? அதுவும் கீழிருந்து மண்ணு சுமந்துட்டு வந்து?”

“ஆடு மாடு உழுந்துருமுன்னு மூடியிருப்பானுங்க” என்றார் வெள்ளியங்கிரி.

“நல்ல மனசுக்காரத் திருடனுங்க” என்றான் கிருபாசங்கர். நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தவன், காலில் ஏதோ பிசுபிசுக்கவே பாதத்தைத் தூக்கிப் பார்த்தான். “மேடம், இங்க வாங்க. எலுமிச்சம்பழம். சட்டினி ஆயிருக்கு. ஒண்ணு, ரெண்டு... நாலுங்க!”

டயர்த் தடத்தின் ஆரம்பத்தில் நாலு மூலைக்கு நாலு பழம், தட்டையாக.

“சாமியத் திருடப் போற வண்டிக்கு, சாமி கும்பிட்டு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திருக்கானுங்க. இவனுங்களைப் புடிச்சா உள்ள போடறதா, கோயில் கமிட்டியில போடறதா?”

ஹுமேராவின் முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. “பழத்தை விடுங்க. தடத்தைப் பாருங்க. எத்தனை வண்டி?”

“ஒண்ணுதானுங்க. ஹைட்ரா டயரு.” முன்னால் தும்பிக்கை மாதிரி இரும்புக் கையை நீட்டிக்கொண்டு போகும் குட்டி கிரேன் அது. அதற்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தே பாதி ஆயுள் போன கண்டக்டருக்கு அந்த டயர் மறக்குமா?

“லாரித் தடம்?”

“இல்லீங்களே.”

“அப்போ கல்லை லாரியில படுக்க வைக்கலை. கட்டித் தூக்கி, நட்டமா நிறுத்தின வாக்குலயே தொங்கவிட்டுக் கொண்டுபோயிருக்காங்க. சாமியைப் படுக்க வைக்க மனசு வரலை.” அவள் நிமிர்ந்தாள். “படுக்க வைக்கவே மனசு வராதவன் உடைப்பானா? கல்லு முழுசா இருக்கு. எங்கியோ நின்னுட்டு இருக்கு. அந்தப் பாரத்தைத் தொங்கவிட்டுட்டு ஹைட்ரா எவ்வளவு தூரம் போகும்ணா?”

“நத்தை வேகந்தானுங்க. விடியறதுக்குள்ளன்னா அஞ்சு கிலோமீட்டரு.”

“அஞ்சு கிலோமீட்டருக்குள்ள என்னென்ன இருக்கு?”

கிருபாசங்கர் கண்ணை மூடிக்கொண்டான். பதினெட்டு வருஷத்து ரூட் நாக்கில் வந்து நின்றது. “கிரஷர் ஸ்டாப்பிங், நார் மில் ஸ்டாப்பிங், கோழிப்பண்ணை ஸ்டாப்பிங், அப்பறம் ஒலகம் ஸ்டாப்பிங்.”

“ஒலகமா?”

“‘ஒரே நாளில் உலகம்’னு பெரிசா போர்டு வெச்சிருக்காங்க மேடம். ஞாயித்துக்கெழமை தெறக்கறாங்க. பிரமிடு, பாலைவனக் குகைக் கோயிலு, தீவுல வரிசையா நிக்குமே மூக்கு நீண்ட செலைங்க, அப்பறம் அந்த இங்கிலாந்துல வட்டமா நட்டு வெச்ச...”

அவனே நிறுத்தினான். கண்ணைத் திறந்தான்.

“...கல்லுங்க” என்று முடித்தாள் ஹுமேரா. ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருந்தாள்.

“அங்கெல்லாம் போயி என்னத்துக்குங்க?” வெள்ளியங்கிரி பின்னாலேயே ஓடிவந்தார். கிறீச், கிறீச். “அது நம்ம எடந்தான், நாந்தான் குத்தகைக்கு உட்டிருக்கறேன். பூராம் சிமெண்டுங்க. நேரந்தான் வீணு. கிரஷருக்குப் போலாமுங்க.”

“நல்லதாப் போச்சு, எடத்துக்காரரே கூட வந்தா கேட்டுல யாரும் மறிக்கமாட்டாங்க. வண்டியில ஏறுங்க.”

மணி ஒன்று ஐம்பது.

கிருபாசங்கர் ஓட்டிய பழைய மாருதி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே குதித்துக் குதித்து ஓடியது. பின் சீட்டில் நித்யஸ்ரீ நகத்தைக் கடித்தாள். வெள்ளியங்கிரி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நார் மில்லுக்கு முன்னால் மட்டைக் கழிவு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. கிருபாசங்கர் தலையை வெளியே நீட்டி விசிலை ஊதினான்.

“அக்கட்டால ஒதுக்குப்பா! உள்ள ஒரு அம்மிணி நகம் தீந்து வெரலுக்கு வந்துருச்சு!”

டிராக்டர் ஒதுங்குவதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது.

உலகத்தின் கேட் திறந்தே இருந்தது. பிரமிடுக்குள் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். பாலைவனக் குகைக் கோயிலின் முகப்பு ரோஜா நிறத்தில் ஜொலித்தது. பின்பக்கம் போனால் தகர ஷெட்டும் குடிநீர் டேங்கும். தீவுச் சிலைகள் ஏழும் ஒரே பக்கம் பார்த்தபடி முகத்தைத் தொங்கப்போட்டு நின்றன.

“கடைசி பஸ்ஸ உட்டுட்ட கூட்டம் மாதிரியே நிக்கறாங்க” என்றான் கிருபாசங்கர்.

மேனேஜர் திருமலைசாமி ஓடிவந்தார். வெள்ளியங்கிரியைப் பார்த்ததும் கும்பிட்டார். மற்றவர்களைப் பார்த்ததும் கையை விரித்தார். “பெயிண்டு காயலீங்க. ஞாயித்துக்கெழமை மந்திரி வர்றார். தயவுசெஞ்சு எதையும் தொட்டுறாதீங்க.”

“அந்த வட்டக் கல்லு எங்கங்க?”

“கடேசிலங்க. அதோட ஒரிஜினல் நாலாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு மேல நிக்குதுங்களாம். கூட்டம் கூட்டமாப் போயி, கயிறு கட்டின தூரத்துல நின்னு பாத்துட்டு வர்றாங்களாம்.”

நித்யஸ்ரீ நின்றுவிட்டாள். “அவிய கல்லுக்குக் கயிறு கட்டிக் காவல். எங்க கல்லுக்குக் கயிறு கட்டிக் கிரேனு.”

தூரத்தில் எங்கோ கிரஷர் அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

புல்தரையில் இருபத்து மூன்று கற்கள் வட்டமாக நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் பெயிண்ட், ஒரே மாதிரி பொய்ப் பாசி. ஓரத்தில் ஒரு ஹைட்ரா சும்மா நின்றது.

“இதை ஓட்டறவர் எங்க?” என்று கேட்டாள் ஹுமேரா.

“பவானியில தங்கச்சி ஊட்டு விசேசம்னு நேத்துக் காலைல போனவன், போனை எடுக்க மாட்டீங்கறான்.”

கிருபாசங்கர் பக்கத்தில் இருந்த கல்லை விரல் முட்டியால் தட்டினான். ‘டொம்.’ உள்ளே காற்று. கையெல்லாம் சாம்பல். அடுத்தது, ‘டொம்.’ மேனேஜர் அலறினார். “ஏனுங்க, மந்திரிங்க! கை அச்சு உழுகுதுங்க! ஒரு மணி நேரம் பொறுங்க, பெயிண்டரு வந்தறட்டும்!”

ஒரு மணி நேரமா? மணி மூன்று ஆக ஐந்து நிமிஷம். நித்யஸ்ரீயின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வெளுத்த முகத்தோடு வைத்தாள். “ஆபீசர் கோயமுத்தூர்ல கெளம்பிட்டாராம்.”

“மேடம், மேனேஜரை நீங்க புடிச்சுக்குங்க, நான் மிச்சத்தைத் தட்டிப்போடறேன்.”

“தட்ட வேண்டாம்ணா” என்றாள் ஹுமேரா, ரொம்ப நிதானமாக. “பெயிண்டு கெட்டா அது வேற வம்பு. சும்மா ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுக் கிரஷருக்கே போயிருவோம். பெரியவர் சொன்னதுதான் சரி. ஐயா, நீங்க முன்னால போங்க.”

வெள்ளியங்கிரியின் தோள் தளர்ந்தது. “அதத்தானுங்களே நான் அப்பவே சொன்னேன்” என்றபடி நடந்தார். கிருபாசங்கர் பின்னால் போனான். எரிச்சலாக இருந்தது. காலில் முள், கையில் பெயிண்ட், எதிரில் சிமெண்ட். மேடம் தோற்று அவன் பார்த்ததே இல்லை. கற்களை எண்ணிக்கொண்டே நடந்தான். கிறீச், கிறீச். பதினொன்று. கிறீச், கிறீச். பன்னிரண்டு. கிறீச், கிறீச்...

ஏதோ குறைந்தது.

பஸ் ஓடும்போது எஞ்சினில் ஒரு சத்தம் நின்றால் கண்டக்டருக்கு வயிற்றில்தான் முதலில் தெரியும். கிருபாசங்கர் நிமிர்ந்தான். பெரியவர் நிற்கவில்லை. நடந்துகொண்டுதான் இருந்தார். சத்தம்தான் நின்றிருந்தது.

கீழே பார்த்தான். புல்லின் மேல் ஒரு ஜோடித் தோல் செருப்பு, அக்கம்பக்கமாக, ஒழுங்காக.

வெள்ளியங்கிரி பதினாலாவது கல்லை வெறுங்காலில் கடந்து போய்க்கொண்டிருந்தார். வலது கை தன்னையறியாமல் நெஞ்சுக்கு வந்து இறங்கியது.

“ஐயா” என்று ஹுமேராவின் குரல் பின்னாலிருந்து வந்தது. “செருப்பை மறந்துட்டீங்க.”

அவர் திரும்பினார். முதலில் செருப்பைப் பார்த்தார். பிறகு கல்லை. பிறகு தன் காலை, யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

கிருபாசங்கர் பதினாலாவது கல்லைத் தட்டினான். ‘டொம்’ வரவில்லை. முட்டிதான் வலித்தது.

“பெரியப்பா?” என்றாள் நித்யஸ்ரீ.

“எங்க அத்தா கோட்டைமேட்டுல செருப்புக் கடை வெச்சிருந்தாருங்க” என்றாள் ஹுமேரா. “முகத்தைப் பாக்கறதுக்கு முன்னால காலைப் பாத்துப் பழகினவ நான். கரட்டுல நித்யா வெறுங்கால். நான் கழட்டினேன். கிருபாண்ணா திட்டு வாங்கிக் கழட்டினார். உங்க செருப்பு மட்டும் குழி வரைக்கும் வந்துச்சு. அங்க அப்பிச்சி இல்லைன்னு உங்க காலுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இப்போ இங்க இருக்கார்னும் அதுக்குத்தான் தெரிஞ்சுச்சு. வாய் எவ்வளவு வேணும்னாலும் சொல்லும். கால் பழக்கத்தை விடாது.”

வெள்ளியங்கிரி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“கரட்டுல என்ற பங்கைக் கிரஷர்க்காரனுக்கு எழுதிக் குடுத்துப்போட்டேன் கண்ணு. கையெழுத்துப் போட்ட பொறவுதான் கல்லை ஒடச்சுப் போடுன்னான். சம்மட்டியத் தூக்கிட்டுத்தான் போனேன்.” கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, இறக்கினார். “ஓங்க முடியல. நம்மளப் பெத்தவரு. ஒடச்சாச்சுன்னு அவங்கிட்டச் சொல்லிப்போட்டு, இந்த ஹைட்ராக்காரனை வெச்சு இங்க கொண்டாந்து கெழக்கப் பாத்து நிறுத்திப்போட்டேன். எல்லாம் அடங்கினதும் தோட்டத்துல கோயில் கட்டி வெக்கலாம்னு...”

“என்ற கெணறு?” என்றாள் நித்யஸ்ரீ. “அப்பிச்சிக்குக் கோயில். எனக்கு?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. போனை எடுத்து ஆபீசரை அழைத்தாள். கல் கிடைத்துவிட்டது என்றாள். வேறு இடத்தில் நிற்கிறது என்றாள். மறுமுனையில் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“நட்ட எடத்துல இல்லாத கல்லை வெச்சு, அந்தக் கரட்டைப் பத்தி நான் என்னம்மா எழுத முடியும்? யாரும் எங்கிருந்தும் கொண்டுவந்து வைக்கலாமே. வர்றேன், பாக்கறேன். ஆனா நம்பிக்கை குடுக்க முடியாது.”

போன் அவள் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. ஹைட்ரா இருந்தது. ஓட்டுபவன் பவானியில். அவன் வந்தாலும் நத்தை வேகத்தில் கல் போய்ச் சேர நாளைக் காலை ஆகிவிடும். கல்லைக் கண்டுபிடித்தும் கேஸ் தோற்றுவிட்டது. கிருபாசங்கருக்குக்கூட ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஹுமேரா வெள்ளியங்கிரிக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். “ஐயா, ஒண்ணே ஒண்ணு. அந்தக் கருமண்ணு. ஆடு மாடு விழும்னு நீங்க மூடலை. கல்லைத் தூக்கினதும் அடியில என்ன பாத்தீங்க?”

வெள்ளியங்கிரி புல்லைப் பார்த்துக்கொண்டே, “தாழிங்க” என்றார். “ஒரு ஆளு குந்தி உக்கார்ற அளவு. மூடி போட்டு... பக்கத்துல சின்னச் சின்னக் கலயம். டார்ச்சு அடிச்சா செவப்பு மணிங்க ரத்தமாட்டம் மின்னுது. அப்பிச்சி உள்ளதான் இருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு. பயந்து மண்ணப் போட்டு மூடிப்போட்டேன்.”

ஹுமேரா எழுந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நித்யா, கண்ணைத் துடைங்க. இந்தக் கல்லு வெறும் கதவு நம்பரு. ஊடே கரட்டுக்குள்ளதான் இருக்கு. முதுமக்கள் தாழி இருக்கறப்போ ஆபீசருக்குக் கல்லே வேண்டாம். கல்லு நின்னிருந்தா அடியில இருக்கறது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இவர் பெயர்த்ததுதான் உங்களுக்குச் சாட்சியே.”

விழுந்த போன் மறுபடி அடித்தது. தோட்டத்தில் வேலை செய்யும் மாசாணியம்மாள்.

“அம்மிணி, வெசையா வாங்! ஜேசிபி கரட்டுல ஏறுது! குழியத் தோண்டி நெரவி உடப் போறானாமா!”

“கிரஷர்க்காரன்” என்றார் வெள்ளியங்கிரி. “ஆபீசர் வாரதுக்குள்ள தடத்தைச் சுத்தமா அழிச்சுப்போடறேன்னான்.”

அவர் எழுந்த வேகத்தைக் கிருபாசங்கர் எதிர்பார்க்கவில்லை. காருக்கு முதலில் போனவர் அவர்தான். திரும்பும் வழியில் எந்த டிராக்டரையும் கிருபாசங்கர் ஒதுங்கச் சொல்லவில்லை. அவனே வாய்க்கால் மேட்டில் ஏற்றி இறக்கினான்.

மணி மூன்று நாற்பத்தெட்டு. கரட்டின் உச்சியில் மஞ்சள் இயந்திரம் கையை உயர்த்தி நின்றது. கருமண்ணுக்கு நேர் மேலே பல் பல்லாக அதன் வாளி. கிருபாசங்கர் காரிலிருந்து குதித்து விசிலை வாயில் வைத்து நீளமாக ஒரு ஊது ஊதினான். எந்தப் பஸ்ஸும் நின்றுவிடும் ஊதல் அது. ஜேசிபி பஸ் இல்லை. எஞ்சின் சத்தத்தில் விசில் கரைந்துபோனது.

அவனைத் தாண்டி ஒரு வெள்ளை வேட்டி ஏறிப் போனது. சத்தமே இல்லை. தோல் செருப்பு உலகத்துப் புல்தரையிலேயே கிடந்தது. முள்ளோ கல்லோ பார்க்காமல் ஏறிய வெள்ளியங்கிரி, வாளிக்கு நேர் கீழே, கருமண்ணின் நடுவில் போய் நின்றார்.

வாளி பாதியில் நின்றது. எஞ்சின் அணைந்தது.

“ஐயா! ஒதுங்குங்!” கேபினிலிருந்து எட்டிப்பார்த்தான் ஓட்டுநர் சரவணன். அதே ஊர்க்காரன், அதே கூட்டம். “நீங்கதானுங்களே சொன்னீங்க, அப்பிச்சி இங்க இல்லை, தைரியமா மண்ணு தள்ளுன்னு?”

“பொய் சொல்லிப்போட்டேன் சரவணா.” பெரியவரின் குதிகாலில் ரத்தம் கசிந்து கருமண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. “அவரு எங்கியும் போகல. கீழதான் இருக்காரு. ஆபீசர்கிட்ட நானே சொல்லப் போறேன். தூக்குனது யாரு, மூடுனது யாரு, எல்லாத்தையும்.”

நித்யஸ்ரீ மூச்சிரைக்க வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் சாய்ந்தபோது தோளை மட்டும் கொடுத்தாள்.

கீழே மண் தடத்தில் ஒரு வெள்ளை ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

சரவணன் அந்தப் புழுதியைப் பார்த்தான். பெரியவரின் காலைப் பார்த்தான். கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தவன், ஏதோ நினைத்துக்கொண்டவன்போல அதை மறுபடி உள்ளே இழுத்தான். குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

பிறகுதான் இறங்கினான்.